பூசாத வீடு ஸ்டாப்பிங்

உக்காருங்க தம்பி. அந்தச் சேர் வேணாம், ஒரு காலு ஆடும். இங்கிட்டுக் கட்டில்ல உக்காருங்க. மொதல்ல அந்தப் போனை உள்ள வைங்க. போட்டோவெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். என்ன போட்டோன்னு எனக்குத் தெரியாதாக்கும். மண் கல்லுல கட்டுன வீடு. சிமெண்ட் கம்மி, கம்பி கம்மி, சூடு இறங்காது, ஃபேனே வேணாம். இதே மாதிரி எங்களுக்கும் ஒண்ணு கட்டிக் குடுங்கண்ணேன்னு கேப்பீங்க. அதுக்குத்தானே வந்துருக்கீங்க? இதுக்கு முந்தியும் ரெண்டு மூணு பேரு வந்தாங்க. வாசல்லயே நிக்க வச்சுப் பேசித் திருப்பி அனுப்பிட்டேன். நீங்க இந்த வெயில்ல பஞ்சரான வண்டியத் தள்ளிக்கிட்டு வந்துட்டீங்க, அதனால உக்காரச் சொல்றேன்.

ஏ ஒச்சம்மா, டீ போடு. ஆளு வந்துருக்கு.

முன்கூட்டியே சொல்லிப்புடுறேன் தம்பி. பூச்சு உண்டுன்னா பேசுவோம். பூச்சு வேணாம்னா டீயக் குடிச்சிட்டுக் கிளம்புங்க. இந்தக் காசிமாயன் இனிமே பூசாத சுவர் எடுக்க மாட்டான். ஏன்னு கேக்குறீங்களா? கேக்கலையா? கேக்காட்டியும் சொல்லுவேன். ஊருல ஒருத்தன் கேக்க மாட்டேங்குறான். அவனவன் சிரிச்சிட்டுப் போயிடுறான்.

நான் கல்யாணத்துக்கு முந்தியே கலவை பூசுற கரணை பிடிச்சவன். உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவுல ரோட்டோரம் இருக்குற காரை வீட்டுல பாதி என் கை பட்டது. ஒரு வீட்டுல கூட ஒரு பேச்சு வாங்குனது இல்ல. பால் காய்ச்சுற அன்னைக்கு எந்த வீடா இருந்தாலும் முதல் மரியாதை கொத்தனாருக்குத்தான். உங்க பக்கமும் அப்படித்தானே? சொந்தபந்தம் அத்தனையும் நிக்க, பேரு சொல்லிக் கூப்பிட்டு, மனைப் பலகையில உக்கார வச்சு, தட்டுல வேட்டி துண்டு வச்சுக் குடுப்பாங்க. குங்குமம் வச்சு விடுவாங்க. கூலி எவன் வேணாலும் குடுப்பான் தம்பி. அந்தத் தட்டு இருக்கே, அதுக்குத்தான் கொத்தனார் வெயில்ல நிக்கிறான். எனக்கு எல்லா வீட்டுலயும் கிடைச்சுச்சு. டீச்சர் வீட்டுல மட்டும் கிடைக்கல. அதான் விஷயம். அதான் மொத்த விஷயமும்.

டீச்சர்னா தமயந்தி டீச்சர். பெரிய ஸ்கூல்ல புவியியல் எடுக்குறவங்க. என் பிள்ளைக ரெண்டும் அவங்ககிட்டப் படிச்சதுதான். அதுவரைக்கும் மாடியில வாடகைக்கு இருந்தாங்க. கான்கிரீட் வீடு. சித்திரை மாசம் சுவத்துல கை வைக்க முடியாது. சாயந்தரம் குழாயைத் திறந்தா வெந்நீரா வரும். அவங்க பொண்ணு பரிட்சைக்குப் படிக்கிற புள்ள, உடம்பு பூராம் வேர்க்குரு. தரையில தண்ணிய ஊத்திவிட்டு அதுல உக்காந்து படிக்குமாம். டீச்சர் என்கிட்டச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஆயிருச்சு. அண்ணே, என் புள்ளைக்கு ராத்திரி தூக்கம் வர்ற மாதிரி ஒரு வீடு வேணும், அது போதும்னாங்க. எனக்கும் மனசுல பட்டுச்சு. சரிம்மா, கட்டிருவோம்னேன்.

எப்பிடிக் கட்டப் போறாங்கன்னு எனக்கு அப்பத் தெரியாதுல்ல.

பாண்டிச்சேரிப் பக்கம் இருந்து ஒரு இன்ஜினியர் தம்பிய வரச் சொல்லிருந்தாங்க. தாடி. நல்ல தம்பிதான், ஆனா பேச்சு புரியாது. செங்கல் வாங்க வேணாம், சூளைக்கு விறகு எரிக்க வேணாம், இந்த இடத்து மண்ணுலயே கல்லு அறுத்துக்குவோம்ங்குது. மனையிலயே ஒரு குழியத் தோண்டி, அந்த மண்ணுல துளியூண்டு சிமெண்ட் கலந்து, அச்சு மிஷின்ல போட்டு அமுக்குனா கல்லு. நிழல்ல அடுக்கித் தண்ணி தெளிச்சாப் போதும். தோண்டுன குழிய மழைத் தண்ணித் தொட்டியா ஆக்கிக்கிறது. ஸ்லாப்புக்குள்ள நாட்டு ஓடுகளைக் கவுத்தி வச்சு மேல கான்கிரீட் போடுறது, அதனால சிமெண்டும் மிச்சம், சூடும் இறங்காதுன்னு. சரி, அதெல்லாம் பரவாயில்ல. காத்து வர்றதுக்கு உசரத்துல பொந்து பொந்தா விடச் சொன்னாங்க, விட்டேன். அதுவும் பரவாயில்ல. உள்ள போனா குளுகுளுன்னுதான் இருக்கு. இல்லைன்னு சொல்லல. பொய் சொல்லக் கூடாதுல்ல.

இந்த மண்ணுல ஒரு கூத்துப் பண்ணாங்க பாருங்க. குழி தோண்டும்போது மேல செம்மண்ணு வந்துச்சு, அதுக்குக் கீழ மஞ்சளா ஒண்ணு, அடியில வெள்ளையா சுக்கான் மண்ணு. மூணையும் கலந்துட்டா ஒரே கலர்ல கல்லு வரும், டீச்சர், கலக்கச் சொல்லிரட்டுமான்னேன். கூடவே கூடாதுன்னுட்டாங்க. தனித்தனியா குமிச்சு, தனித்தனியா அறுத்து, தனித்தனியா அடுக்கணும். ரோட்டைப் பாத்த முகப்புச் சுவத்துல அடியில வெள்ளைக் கல்லு, நடுவுல மஞ்சள், மேல சிவப்பு. பூமிக்குள்ள எப்பிடி இருந்துச்சோ அதே வரிசையில சுவத்துல இருக்கணும்ணே, நம்ம எது மேல நிக்கிறோம்னு புள்ளைகளுக்குக் காட்டுவேன்னாங்க. பூமிக்குள்ள இருக்குறதை ஆண்டவன் உள்ளதானே வச்சான், அதை எதுக்குமா வெளிய எடுத்து ரோட்டுக்குக் காட்டணும்னு நான் கேட்டேன். சிரிச்சாங்க.

சரி, எந்தக் கலரா இருந்தா என்ன, மேல பூசத்தானே போறோம்னு நான் பாட்டுக்கு வேலைய ஆரம்பிச்சுட்டேன். அப்பத்தான் அந்தத் தாடித் தம்பி சொல்லுது, அண்ணே, இதுக்குப் பூச்சே கிடையாதுன்னு. உள்ளயும் கிடையாது, வெளியயும் கிடையாது. அப்பிடியே விடுறது. ஏன் தம்பின்னா, மண் சுவர் மூச்சு விடுமாம். சிமெண்டைப் பூசுனா மூச்சு முட்டுமாம். சுவத்துக்கு மூக்கா இருக்குன்னு கேட்டேன். எத்தனை வீடு கட்டிருக்கேன், ஒரு சுவராவது தும்மிருக்கா?

உங்களுக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. பூச்சு இருக்குங்குற தைரியத்துலதான் கொத்தனார் கையே ஓடுது. கல்லு அரை விரல் வெளிய நீட்டிருந்தா என்ன, சந்து ஒரு இடத்துல பெருசு ஒரு இடத்துல சிறுசுன்னா என்ன, பூச்சு எல்லாத்தையும் மூடிரும். பூசாத சுவர்னா அப்பிடியா? வச்சது வச்சபடி நிக்கும். ஒவ்வொரு கல்லும் பேசும். அந்த வீட்டுல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நூலு கட்டி, ரசமட்டம் வச்சு, தூக்குக்குண்டு விட்டு, ஒவ்வொரு கல்லா முனை உடையாம எடுத்து வச்சு, சந்துல வழியுற கலவைய அப்பப்பப் பஞ்சால ஒத்தி எடுத்து. மத்த ஆளுகளைக் கிட்டயே விடல, நானேதான். ஒருநா சாயந்தரம் பாக்குறேன், மஞ்சள் முடிஞ்சு சிவப்பு ஆரம்பிக்கிற இடத்துல ஒரு கல்லு வரி லேசா ஏறிருக்கு. வேற யாரு கண்ணுக்கும் தெரியாது. டீச்சர் கண்ணுக்கும் தெரியாது. மறுநா காலையில அதை நானே பிரிச்சேன். கட்டுன வரிய நானே பிரிச்சது என் ஆயுசுல அந்த ஒரு வீட்டுலதான். அந்த மாதிரி சுவர் அதுக்கு முந்தியும் எடுத்ததில்ல, பிந்தியும் எடுத்ததில்ல. இந்தப் பக்கம் எவனும் எடுத்ததில்ல.

எடுத்து என்ன புண்ணியம்?

காரு காரா ஆளுக வந்தாங்க. மதுரையில இருந்து, கோயமுத்தூர்ல இருந்து. வந்தவுடனே சுவத்தைத் தடவுறது. ஆகா, மண்ணு என்ன அழகுங்குறது. மண்ணு அழகாம். அந்த மண்ணு அங்க குழியில எத்தனை காலமாக் கிடந்துச்சு, எவனாவது வந்து தடவுனானா? பக்கத்துல கரணையோட ஒருத்தன் நிக்கிறானே, அவனை ஒரு வார்த்தை கேப்போம்னு இல்ல. கடைசி வரி முடிஞ்ச அன்னைக்கு டீச்சரே போனைத் தூக்கிட்டு வந்தாங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே, உங்க சுவர் முழுசாப் படத்துல விழணும்னாங்க. தள்ளி நின்னேன். என்ன செய்றது, தள்ளி நிக்கச் சொன்னா நிக்கணும். எடுத்துட்டுப் போயிட்டாங்க. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. கொத்தனாரை விட்டுட்டு வெறுஞ் சுவத்தை எடுக்குறாங்களேன்னு.

அதுகூடப் பரவாயில்ல தம்பி. வெளியூர்க்காரன் வருவான் போவான். உள்ளூர்க்காரன் இருக்கானே.

அந்த வீட்டுக்கு எதுத்தாப்புல டவுன் பஸ் நிக்கும். அதுக்கு முந்தி அந்த ஸ்டாப்பிங்குக்குப் பேரே இல்ல, சும்மா புளியமரம்னு சொல்லுவாய்ங்க. இந்த வீடு எந்திரிச்சதும் கண்டக்டர் என்ன சொல்றான் தெரியுமா? பூசாத வீடு இறங்குன்னு விசில் அடிக்கிறான். பூசாத வீடு ஒண்ணு குடுங்கன்னு சனங்க டிக்கெட் எடுக்குது. பஸ்ஸுக்குள்ள புதுசா வர்றவன் கேப்பான், அது ஏன்யா அந்த வீடு பாதியில நிக்கிது, காசு பத்தலையான்னு. பக்கத்துல உள்ளவன் சொல்லுவான், கொத்தனார் யாருன்னு கேளு, அவன் விட்டுட்டு ஓடிருப்பான்னு. நான் பின்னாடி சீட்டுல உக்காந்துருப்பேன். என்னத்தைச் சொல்றது? எந்திரிச்சு, ஐயா, அது முடிஞ்ச வீடுதான்னு சொல்லவா? சொன்னா இன்னும் சிரிப்பாய்ங்க.

என் மச்சினன் ஒருத்தன் இருக்கான், தவமணி. இந்த ஒச்சம்மா கூடப் பொறந்த தம்பிதான். அவனும் கட்டட வேலைதான், ஆனா நம்மள மாதிரி இல்ல, பெரிய கை. முகப்பு பூராம் டைல்ஸ் ஒட்டி, வளைவு வச்சு, கலர் கலரா லைட்டு எரியுற வீடு கட்டுவான். உள்ள போனா வெந்துருவீங்க, அது வேற கதை. எங்க குலசாமி கோயில்ல கிடா வெட்டு. சொந்தம் அத்தனையும் பந்தியில உக்காந்துருக்கு. அங்க வச்சு அவன் சொல்றான், எங்க மச்சான் கட்டுன வீட்டுக்கு ஊரே சேந்து ஒரு பஸ் ஸ்டாப்பிங்கைக் குடுத்துருச்சு, எனக்கெல்லாம் அந்தக் குடுப்பினை இல்லப்பான்னு. பந்தியே சிரிச்சிருச்சு. சரி, அவன் வாய் அப்பிடி. இவளும் சிரிச்சா தம்பி. இந்தா உள்ள டீ போடுறாளே, இவதான். முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. நான் பாத்துட்டேன். பாதிச் சோத்துல எந்திரிக்கக் கூடாதுன்னு உக்காந்துருந்தேன்.

என்ன ஒச்சம்மா? ஆமா, அதைத்தான் சொல்லிட்டு இருக்கேன். சொன்னா என்ன? நீ சிரிச்சது பொய்யா? வந்தவுககிட்ட எல்லாம் இதே பாட்டுத்தானாங்குறா, கேளுங்க. டீய வச்சுட்டுப் போ. சீனி பத்தாது, கொஞ்சம் எடுத்துட்டு வா.

குடிங்க தம்பி, ஆறுது.

பால் காய்ச்ச நாள் குறிச்சாச்சு. ஊரு பூராம் பத்திரிகை. டீச்சர்கிட்டப் படிக்காத புள்ளை எந்த வீட்டுல இருக்கு? தவமணி குடும்பத்துக்கும் பத்திரிகை வந்துருச்சு. எனக்கு அன்னையில இருந்து தூக்கம் இல்ல. அத்தனை பேரு முன்னாடி என் பேரைக் கூப்பிடுவாங்க. நான் போயி மனையில உக்காருவேன். எனக்குப் பின்னாடி என்ன நிக்கும்? அந்தப் பூசாத சுவர் நிக்கும். தட்டை வாங்கும்போது ஒரு பய சிரிச்சாலும் அந்த வேட்டியில எனக்கு என்ன மரியாதை இருக்கு, நீங்களே சொல்லுங்க.

எனக்கு மட்டுமா? டீச்சருக்கும்தான். அவங்க படிச்சவங்க, வெள்ளந்தி. பஸ்ஸுல என்ன பேசுறாய்ங்கன்னு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? காசு இல்லாமப் பாதியில விட்டுட்டாங்கன்னு ஊரு பேசுது. நாளைக்கு அந்தப் பொண்ணைக் கேட்டு வர்றவன் என்ன நினைப்பான்? இதையெல்லாம் யாரு யோசிக்கிறது? தாடித் தம்பி யோசிக்குமா? நான்தான் யோசிச்சேன். அவங்களுக்குப் பெரிய அண்ணனா நின்னு யோசிச்சேன்.

சொந்தக்காரங்களுக்குப் பத்திரிகை வைக்கணும்னு டீச்சரும் அவங்க வீட்டுக்காரரும் ராஜபாளையம் பக்கம் கிளம்புனாங்க. வர நாலஞ்சு நாள் ஆகும், அடுப்படி மேடைய மட்டும் முடிச்சு வைங்கண்ணேன்னு சாவிய என் கையில குடுத்தாங்க. சாவி கையில வந்தவுடனே எனக்குத் தோணிருச்சு. இதான் நேரம். சொன்னா வேணாம்பாங்க, கூச்சப்படுவாங்க. செஞ்சு முடிச்சு நிறுத்திருவோம், வந்து பாத்து அசந்து போகட்டும். ஒரு பைசா கேக்கக் கூடாது. என் வீட்டுப் புள்ளைகளுக்குப் பாடம் சொன்னவங்களுக்கு என் கையால ஒரு சீருன்னு வச்சுக்குவோம்.

நேரம் கம்மி. அதனால முகப்புச் சுவத்தை மட்டும் எடுத்துக்கிட்டேன். சும்மா ஏனோதானோன்னு செய்யல தம்பி. வழுவழுன்னு இருக்குற சுவத்துல பூச்சு பிடிக்காது. உளிய வச்சு மேல இருந்து கீழ வரைக்கும் கொத்தி விடணும். கொத்துனேன். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, ஒரு கல்லு விடாமக் கொத்துனேன். சந்துகளை ஆழமாப் பறிச்சு விட்டேன். கை கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருந்துச்சு, அந்தப் பிரிச்சுக் கட்டுன வரிகிட்ட வரும்போது. கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். வெயிலு ஜாஸ்தி அன்னைக்கு. அப்புறம் எந்திரிச்சு அதையும் கொத்திட்டேன். தண்ணி அடிச்சு, சிமெண்ட் பால் அடிச்சு, பூசி, மணியாஸ் கட்டை போட்டுத் தேச்சேன் பாருங்க, கண்ணாடி. வாசல் நிலைக்கு மேல தாமரைப்பூ, ரெண்டு பக்கமும் கரை, உச்சியில வருஷம். மேல சந்தனக் கலர். ஒச்சம்மாவே வந்து பாத்துட்டு, இப்பத்தான்யா வீடு மாதிரி இருக்குன்னா. அவ வாயில இருந்து அது வந்துச்சு.

டவுன் பஸ் வந்துச்சு. கண்டக்டர் விசிலை வாயில வச்சவன் ஊதல. தலைய வெளிய நீட்டி, என்ன கொத்தனாரே, ஸ்டாப்பிங்கையே காலி பண்ணிட்டீங்களேன்னான். பஸ்ஸு பூராம் எட்டிப் பாத்துச்சு. நான் சாரத்து மேல நின்னேன். எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்னைக்குக் கூட இல்ல. உள்ள கேக்குதா தெரியல, கேட்டாலும் பரவாயில்ல.

மறுநா டீச்சர் வந்தாங்க. ஆட்டோவுல. கேட்டுகிட்டயே நின்னுட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் பையை இறக்குறதை விட்டுட்டு நின்னுட்டார். நான் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு ஓரமா நிக்கிறேன். இப்ப ஒரு வார்த்தை சொல்லுவாங்கன்னு நிக்கிறேன். கிட்ட வந்தாங்க. சுவத்துல உள்ளங்கைய வச்சாங்க. கொத்திட்டீங்களாண்ணேன்னு கேட்டாங்க.

என்ன பதில் சொல்லுவீங்க? உள்ளதைத்தானே சொல்லணும். பின்ன கொத்தாம பூசுனா நிக்குமா டீச்சர், நல்லா ஆழமாக் கொத்திட்டுத்தான் பூசிருக்கேன்னேன். அப்பிடியே மணல் குமிமேல உக்காந்துட்டாங்க. பட்டுச்சேலை கட்டிருந்தாங்க, அதோட உக்காந்துட்டாங்க. இதை இனிமே எடுக்க முடியாதுல்லண்ணேன்னாங்க. எனக்குப் பெருமை. என்ன இப்பிடிக் கேட்டுட்டீங்க, நூறு வருஷம் ஆனாலும் வராதுன்னேன். அந்தம்மா அழுதுருச்சு. திட்டிருந்தாக் கூட எனக்கு வழி இருக்கு. ரெண்டு வார்த்தை நானும் பேசுவேன். சத்தமே இல்லாம அழுதா மனுசன் என்ன செய்றது? தாமரைப்பூ நல்லா இல்லையா டீச்சர்னு கேட்டேன். எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க.

சரி, அசதி, நாலு ஊரு அலைஞ்சு வந்துருக்காங்க, காலையில சரியாயிரும்னு நினைச்சேன். நான் நினைச்சதுல என்ன தப்பு?

பால் காய்ச்சு அன்னைக்கு வெள்ளையும் சொள்ளையுமா குடும்பத்தோட போனோம். தவமணி மொத வரிசையில இருக்கான். ஐயரு முடிச்சுட்டாரு. ஆசாரியப் பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க, வேட்டி குடுத்தாங்க. கரண்டு வேலை பாத்தவனைக் கூப்பிட்டாங்க. பைப்பு வேலை பாத்தவனுக்குக் கூட உண்டு. வழக்கமா மொத ஆளு கொத்தனார். நான் சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கிட்டு நிக்கிறேன். டீச்சர் தட்டைத் தூக்கிட்டு என்னைப் பாத்து வந்தாங்க. நேரா வந்தாங்க. வாயைத் திறந்தாங்க. பேரு வரல. கண்ணு நிறைஞ்சுருச்சு. தட்டை வீட்டுக்காரர் கையில குடுத்துட்டு விறுவிறுன்னு அடுப்படிக்குள்ள போயிட்டாங்க. அவர் வந்து, வாங்கிக்கோங்க மேஸ்திரின்னு கையில திணிக்கிறார். மனை இல்ல, பேரு இல்ல, குங்குமம் இல்ல. தவமணி பாத்துக்கிட்டே இருக்கான். தட்டை அங்கிருந்த தொட்டித் திண்டுல வச்சுட்டு வெளிய வந்துட்டேன். சாப்பிடல. இவளையும் சாப்பிட விடல. அந்த வேட்டிய அவர் அப்புறம் வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துட்டுப் போனார். பீரோவுல கிடக்கு, மடிப்புக் கலையாம. கட்ட மாட்டேன். எப்பக் கட்டுவேன்னும் தெரியல.

அதுல இருந்து பேச்சு வார்த்தை இல்ல. நான் அந்தப் பக்கமாத்தான் தினமும் வண்டியில போறேன். திரும்பிப் பாக்க மாட்டேன். ஐப்பசி மழைக்கு அப்புறம் ஒரு தடவை பாத்தேன். கீழ ஓதம் ஏறிருக்கு, தாமரைகிட்ட ஒரு இடம் உப்பலா நிக்கிது. டீச்சர் ஸ்கூலுக்குப் போயிருந்த நேரமாப் போயி விரலால தட்டிப் பாத்தேன். டொப்பு டொப்புங்குது. நான் பூசுன பூச்சு டொப்புங்குறதாவது. எல்லாம் அந்த மண்ணு. மண்ணு சரியில்ல. நான் என்ன செய்வேன்?

இதுல பெரிய கொடுமை எது தெரியுமா தம்பி? அந்தக் கண்டக்டர். சுவத்துல சந்தனக் கலர் அடிச்சு, தாமரை வச்சு நிக்கிது வீடு. இன்னமும் அவன் பூசாத வீடு இறங்குன்னுதான் விசில் அடிக்கிறான். பழகிருச்சுப்பா, மாத்த முடியலைங்குறான். டிக்கெட்டும் அப்பிடித்தான் எடுக்குறாய்ங்க. நான் எதுக்காகக் கொத்துனேன்?

அதான் சொல்றேன். உங்க வீட்டுக்குப் பூச்சு உண்டா, இல்லையா? அதைச் சொல்லுங்க மொதல்ல. இல்லையா? அப்ப டீயக் குடிச்சாச்சு, கிளம்புங்க. கோவிச்சுக்காதீங்க. பஞ்சர் ஒட்டுற கடை அந்த முக்குல இருக்கு.

மறுபடியும் போனை எடுக்குறீங்களே. சரி, காட்டுங்க. வந்ததுல இருந்து நீட்டிக்கிட்டே இருக்கீங்க. இருங்க, கண்ணாடி எங்க வச்சேன்.

இது எந்த வீடு?

வேற ஊரா இது? இல்லையே. கீழ வெள்ளை. மஞ்சள். சிவப்பு. பெருசாக்க முடியுமா? இந்த இடத்தை, இந்த மஞ்சள் முடியுற இடத்தை. இங்க விரலை வைங்க. ஆமா. ஒரு மயிரிழை ஏறல பாருங்க. இந்தச் சந்தைப் பாருங்க, அந்தக் கடைசி வரைக்கும் ஒரே அளவு. இதெல்லாம் நூலு மட்டும் பிடிச்சா வராது தம்பி. நான் எடுத்த சுவர் இது. அன்னைக்குத் தள்ளி நிக்கச் சொன்னாங்கன்னேனே, அன்னைக்கு எடுத்தது. நான் இந்தாக்குல நின்னேன், இந்த ஓரத்துல, படத்துல விழல.

இப்பிடியா இருந்துச்சு?

நான் கிட்ட நின்னே பாத்தவன். சாரத்து மேலயே நின்னவன். எட்ட நின்னு பாக்கல.

போதும், வைங்க. இல்ல, இருங்க, இன்னும் கொஞ்ச நேரம் காட்டுங்க.

இது உங்களுக்கு எப்பிடிக் கிடைச்சுச்சு? யாரு அனுப்புனா? டீச்சரா? எந்த டீச்சரு? தமயந்தி டீச்சரா? அவங்களா உங்களை என்கிட்ட அனுப்புனாங்க? அப்ப முந்தி வந்தவுகளை? அவுகளையும் அவங்கதானா? நான் யாரு அனுப்புனதுன்னு ஒருத்தர்கிட்டயும் கேக்கலையே. வாசல்லயே திருப்பிட்டேனே.

என்ன சொல்லி அனுப்புனாங்க? மறைக்காமச் சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். சுவர் எடுக்க அவரை விட்டா இந்தப் பக்கத்துல ஆளே கிடையாதுன்னா? அப்பிடியேவா சொன்னாங்க? இதே வார்த்தைய? அப்புறம்? கடைசி வரி முடிஞ்ச அன்னைக்கே அவர்கிட்ட இருந்து கரணைய வாங்கி வச்சுக்கோங்கன்னா? ம். சொல்லுவாங்க, சொல்லுவாங்க. கரணைய வாங்கி வைக்கணுமாம்ல. யாரு குடுப்பா? கொத்தனார் கையில இருந்து கரணைய எவனாவது வாங்குவானா?

உக்காருங்க தம்பி, எங்க எந்திரிக்கிறீங்க? நான் கிளம்பச் சொன்னா கிளம்பிருவீங்களா? உங்க மண்ணு என்ன மண்ணு? செம்மண்ணா, கரிசலா? பாக்கணும். கையில எடுத்துப் பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது.

ஏ ஒச்சம்மா, அடுப்பை அமத்திட்டு வெளிய வா. சீனி கிடக்கட்டும். இங்க வந்து நில்லு. இந்தத் தம்பி டீச்சர்கிட்ட இருந்து வந்துருக்கு. ஒரு சேதி சொல்லுது, நல்லாக் கேட்டுக்க. உன் தம்பிகிட்டயும் போயிச் சொல்லு.

சொல்லுங்க தம்பி. மொதப் பாதிய மட்டும் சொல்லுங்க.